வெள்ளித் தண்ணீர் பதினைந்தைத் தொடும்வரை

என் வீட்டுக்காரருக்கு எண்கள் மேல் இருந்த நம்பிக்கை மனிதர்கள் மேல் இருந்ததில்லை. வளைகுடா நாடு ஒன்றில், கடல்நீரைக் குடிநீராக மாற்றும் ஆலையில் பல வருடங்கள் வேலை பார்த்தவர். மணிக்கு ஒருமுறை தண்ணீரில் மீட்டரை விட்டு, அது எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அந்த எண்ணை வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும். தண்ணீரில் உப்பு கூடினால் எண் ஏறும், சுத்தமானால் இறங்கும். எது எப்படியிருந்தாலும் மணியானால் எண் போயாக வேண்டும். அந்த வருடங்களில் இங்கே நிலத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். முறைத் தண்ணீருக்குச் சண்டை போட்டதும், அறுவடை மெஷின்காரரிடம் மல்லுக்கு நின்றதும் நான். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது ஒரு வீட்டுக்கு இரண்டு முதலாளிகள் ஆகிவிட்டோம்.

வரும்போது பேனா நீளத்துக்கு ஒரு மீட்டர் கொண்டுவந்தார். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் மேலே எல்லா ஊருக்கும் பாய்ந்து மீந்தால்தான் எங்களுக்கு. மற்ற நாட்களில் போர்செட்தான் கதி. கடல் பக்கம் என்பதால் போர்த் தண்ணீரில் வருடத்துக்கு வருடம் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. மீட்டர் வந்த சேதி பரவியதும் ஆட்கள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மீட்டரை முக்கி எடுத்து, பரீட்சை ரிசல்ட் சொல்வதுபோல எண்ணைச் சொல்வார். ஆயிரங்களில் போனால் வந்தவர் முகம் விழுந்துவிடும். எங்கள் பக்கத்தில் அந்த மீட்டரில் எண் ஏறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். அது பிற்பாடு நடந்தது.

சர்க்கரை அவருக்கு அங்கே இருக்கும்போதே வந்துவிட்டது. மாத்திரை போடுவார், போடாமலும் இருப்பார். கண் கொஞ்சம் மங்கியது. வயசானால் மங்காதா என்றார். கால் மரத்துப்போகிறது என்று எப்போதோ ஒருமுறை சொன்னார், பிறகு சொல்வதை விட்டுவிட்டார். சொல்வதை விட்டதால் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

காயம் பட்டது ஐப்பசியில், சம்பா நடவின்போது. வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் சிவப்பாகக் கால் தடம் கிடந்தது. குங்குமம் கொட்டியிருக்கிறது, அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தடம் கொல்லைக் கதவிலிருந்து கூடத்தைத் தாண்டி அடுப்படி வரை போயிற்று. அங்கே அவர் தட்டைப் போட்டு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது கால் பெருவிரலுக்குக் கீழே உடைந்த நத்தை ஓடு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. நான் பிடுங்கிக் காட்டிய பிறகுதான் அவருக்கே தெரியும். வலிக்கவே இல்லையே என்றார், ஏதோ பெருமை போல.

வயலில் செருப்போடு இறங்க எங்கள் பக்கம் யாருக்கும் மனசு வராது. சோறு போடுகிற மண் என்பது ஒரு காரணம். சேறு செருப்பை இழுத்துக்கொண்டு தராது என்பது இன்னொன்று. செருப்பை வரப்போரம் கழற்றிவிட்டுத்தான் இறங்குவோம். காயம்பட்ட காலோடும் அவர் அப்படித்தான் இறங்கினார். உரமூட்டையின் உள்பக்கத்து பாலிதீன் உறையைக் கிழித்துக் காலில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று நான் தடுத்தபோது, ஆட்கள் சேற்றில் நிற்கும்போது நிலத்துக்காரன் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நிற்பதா என்றார். இத்தனை வருடமும் நான் நின்றேனே என்று நாக்கு நுனிவரை வந்தது. நடவாட்கள் எதிரில் வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

பக்கத்து ஊர் டாக்டர் காயத்தைப் பார்த்ததும் தஞ்சாவூருக்குப் போகச் சொன்னார். உள்ளே ஆழமாகப் போயிருக்கிறது, ஒன்றிரண்டு விரலை எடுக்க வேண்டி வரலாம், இப்போதே போனால் அதோடு போகும் என்றார். வீட்டுக்கு வந்து, விரல் இல்லாதவன் மழை நேரத்தில் வரப்பில் எப்படி நடப்பான் என்று என்னைக் கேட்டார். அது நியாயமான கேள்விதான். வழுக்குகிற வரப்பில் நாங்கள் எல்லோருமே விரலால் மண்ணைக் கவ்வித்தான் நடக்கிறோம். ஆனால் அதற்காக டாக்டரிடம் போகாமலே இருந்துவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூட வேலை பார்த்த யாரோ ஒருவர் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். வெள்ளிக் கம்பி இரண்டைத் தண்ணீரில் விட்டு பேட்டரியில் இணைத்தால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீர் எந்தப் புண்ணையும் ஆற்றும் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்வதாகத் தமிழில் ஒருவர் சொன்னார். வேறு எந்த மருந்தாக இருந்தாலும் என் வீட்டுக்காரர் நம்பியிருக்க மாட்டார். வேப்பிலைப் பற்று, நாட்டு மருந்து எல்லாம் அவருக்கு மட்டம். ஆனால் அந்த வீடியோவின் முடிவில் ஒரு மீட்டரை முக்கி, எண் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு வெள்ளி கலந்திருக்கிறது என்று காட்டினார்கள். அதில்தான் விழுந்தார்.

கும்பகோணத்துக்குப் போய்ச் சுத்த வெள்ளிக் கம்பி வாங்கி வந்தார். சதுர பேட்டரி மூன்றை ஒன்றோடொன்று கோத்தார். கண்ணாடி டம்ளரில் பேட்டரித் தண்ணீர், அதாவது இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற தண்ணீர். முதல் கேனில் மீட்டரை விட்டதும் எண் நாற்பதைக் காட்டியது. சாதாரண கேன் தண்ணீரை ஏமாற்றி விற்றுவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு முழுக் கேனையும் கொல்லையில் வாழைக்குக் கொட்டினார். அடுத்து வேறு கடைத் தண்ணீர். அது இரண்டில் நின்றது. பிறகு கார்த்திகை மழை பிடித்ததும், மழைத் தண்ணீரில் உப்பே இருக்காது என்று மொட்டைமாடியில் எவர்சில்வர் அண்டாக்களை வெட்டவெளியாக வைக்கச் சொன்னார். மழை விட்டதும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அண்டாவாகப் போனார். நொண்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார் என்று அப்போதுதான் கவனித்தேன்.

மீட்டரின் எண் இப்போதெல்லாம் அவர் கண்ணுக்குச் சரியாகப் படவில்லை. அதனால் படிக்கிற வேலை எனக்கு வந்தது. அவர் டம்ளருக்கு முன்னால் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் எதிரில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அவர் கூப்பிடும்போதெல்லாம் குனிந்து படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு, மூன்று என்று முதலில் ஆமை வேகத்தில் நகரும். ஐந்தைத் தாண்டிவிட்டால் மளமளவென்று ஏறும். ஒரு கம்பி கறுத்துவரும், இன்னொன்றில் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல ஏதோ படியும். அதை அவ்வப்போது காகிதத்தால் துடைத்துவிட வேண்டும். வீடியோவில் சொன்ன அளவு பதினைந்து. பதினைந்து என்று நான் சொன்னதும் வயரைக் கழற்றிவிடுவார். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, தண்ணீருக்குள் வெளிச்சம் கோடாகத் தெரிகிறதா என்று என்னைக் கேட்பார், வெள்ளிப் பொடி கலந்திருந்தால் தெரியுமாம். தெரிந்தது. கொஞ்சம் மஞ்சளாக, பார்க்க அழகாகவே இருந்தது.

எனக்கு எரிச்சல் தாங்காமல் ஒருநாள் எங்கள் போர்த் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, அதே மீட்டரை விட்டுக் காட்டினேன். ஆயிரத்தைத் தாண்டிக்கொண்டு போனது. பதினைந்துக்கே புண் ஆறும் என்றால் இது செத்தவனையே எழுப்பிவிடும், இதை ஊற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மீட்டருக்கு வெள்ளி தெரியுமா, உப்பு தெரியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்.

"ஆரம்பத்துல ரெண்டு. இப்ப பதினஞ்சு. நடுவுல வெள்ளியத் தவிர வேற என்ன உள்ள போச்சு, சொல்லு."

இன்றைக்கு யோசித்தாலும் அவர் சொன்னதில் தப்பில்லை. டம்ளருக்குள் நடந்ததைப் பற்றி அவர் சொன்னது எல்லாம் சரி. கம்பி தேய்ந்து நூலானபோது கோபத்தில் கல்யாணத்துக்கு வந்த வெள்ளி டம்ளரைக் கொண்டுவந்து வைத்து, இதையும் கரைத்துவிடுங்கள் என்றேன். அதில் செம்பு கலந்திருக்கும், கணக்கு கெட்டுவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதர் அவ்வளவு சுத்தம் பார்த்தார். அதே மனிதர் சாயங்காலமானால் பாலிதீன் உறையைக் காலில் மாட்டிக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போய்விடுவார். உறைக்குள் சேறு இருக்கும். வந்து கழுவிவிட்டு வெள்ளித் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்துக் கட்டுவார். கட்டுத் துணியெல்லாம் வெயிலில் காயும்போது பழுப்பாகக் கறை பிடித்தது. எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

காயம் காய்ந்துவருகிறது என்று அவர் தினமும் சொன்னார். அவருக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே. எனக்குத் தெரிந்தது. ஓரம் வெளுத்து, நடுவில் கறுத்து, பக்கத்து விரலுக்கும் கறுப்பு ஏறியிருந்தது. பிறகு வாடை வர ஆரம்பித்தது. நான் வீடு முழுக்கத் தினமும் சாம்பிராணி போட்டேன். ஏன் போடுகிறேன் என்று அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. சென்னையில் இருக்கும் மகள் போனில் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் பேசமாட்டேன் என்று போனை வைத்தாள். எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினைந்து போதவில்லை போலிருக்கிறது, பதினெட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றார். பதினெட்டுக்குக் கொண்டுபோனோம். அந்த நாட்களில் எனக்கு அவர் மேல் இருந்தது கோபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம். ராத்திரி அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கும் அளவுக்குப் பயம்.

மார்கழியில் ஒருநாள் காலையில் குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டது. நான் யாரையும் கேட்கவில்லை, அவரையும் கேட்கவில்லை. கார் வரவழைத்து, பக்கத்து வீட்டு ஆட்களைக் கைத்தாங்கலாகப் பிடிக்கச் சொல்லி ஏற்றினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி முன்னும் பின்னுமாகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் நின்றன. அவர் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, நேற்று ராத்திரி போட்ட தண்ணீர் எவ்வளவில் நிற்கிறது, காலையில் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். பார்த்திருக்கலாம் என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர் கட்டைப் பிரித்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். இவர் வெள்ளித் தண்ணீரைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். எந்தத் தண்ணீர், எத்தனை வோல்ட், எதிலிருந்து எதுவரை ஏறியது என்று ஜுரத்திலும் ஒன்றுகூட மாறாமல் சொன்னார். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் மெல்லிய நைலான் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது, தூண்டில் நரம்பு போல. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இதனால் காலில் எங்கேயாவது தொடுவேன், தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் குதிகாலில் நரம்பு வளையும்வரை அழுத்தினார். இவர் பேசாமல் இருந்தார். டாக்டர் கையை எடுத்தார்.

"தெரியுது" என்றார் இவர்.

டாக்டர் பாதத்தின் நடுவில் தொட்டார். பதில் இல்லை. எடுத்துவிட்டுச் சும்மா காத்திருந்தார். "தெரியுது" என்றார். மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, கால் பக்கம் கையே போகாதபோது, "தெரியுது." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சீரான இடைவெளியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலையில் மணியானால் எண் சொல்லியாக வேண்டும் என்பதுபோல, நேரம் பார்த்து, குரல் மாறாமல், பொறுப்பாகச் சொன்னார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியபடி இன்னொரு தடவை சொன்னார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விரல் பேச்சே வரவில்லை, அந்தக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. வீட்டில் பொங்கல் இல்லை. அறுவடையை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொண்டார்கள். மகள் வந்து ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாள். அவரிடம் பேசமாட்டேன் என்றவள் அவருக்கு ஊட்டிவிட்டாள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று டாக்டர் இடது காலை என்னிடம் ஒப்படைப்பதுபோலப் பேசினார். வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக் கூடாது, தினமும் அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும், சின்னக் கீறல் என்றாலும் அன்றே கொண்டுவர வேண்டும் என்றார். இவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கம்தான், அதில் சம்மதம் இருக்காது.

வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் கட்டில் போட்டோம். வயலில் உளுந்து முளைத்துப் பச்சையாக நிற்கிறது என்று சொன்னேன். சரி என்றார். மகள் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, டம்ளரையும் கம்பியையும் எடுத்து வை என்றார். எதற்கு என்றேன். இந்தக் காலுக்கு இப்போதிருந்தே ஊற்றிக்கொண்டு வந்தால் நல்லது, அப்போது எண் போதவில்லை, இருபத்தைந்துக்குப் போயிருக்க வேண்டும், அதுதான் பிசகு என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. இத்தனை நாளும் அவர் மனசு நோகக் கூடாது என்று பொத்தி வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வந்துவிட்டது.

"எண்ணு போதாம போகலங்க. அந்தக் கால்ல உங்களுக்கு உணர்ச்சியே இல்ல. அந்தம்மா தொட்டப்ப நீங்க சும்மா இருந்தீங்க. தொடாதப்பல்லாம் தெரியுது தெரியுதுன்னீங்க. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. போர்வைக்குள் ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தட்டையாகவும் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அப்படியா, எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று கேட்டார். எல்லாத் தடவையும் என்றேன். போர்வையை விலக்கி இடது காலை என் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப நீ பாரு. அவங்க செஞ்ச மாதிரியே செய். இந்தத் தடவை நான் நெசமாதான் சொல்லுவேன்."

விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, கழுவித் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடினார். கை இரண்டையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, மூச்சைக்கூட மெதுவாக விட்டார். ஒரு மனிதர் அவ்வளவு கவனமாகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நான் குதிகாலில் ஈர்க்குச்சி வளையும்வரை அழுத்தினேன். பாதத்தின் நடுவில் அழுத்தினேன். பெருவிரலுக்குக் கீழே, பிறகு பெருவிரலில், பிறகு ஒவ்வொரு விரலாக. அவர் வாயைத் திறக்கவில்லை. என் கண்ணில் நீர் முட்டியது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார், "ஆரம்பிக்கிறப்ப சொல்லு."

நான் அப்போது சுண்டுவிரலுக்கு வந்திருந்தேன்.